ஈடு என்று சொல்லி எழுதிய கிரய உறுதி: அம்மாவின் கைநாட்டு செல்லுமா?

கேள்வி: தங்கச்சியின் கல்யாணத்துக்கு அம்மா நான்கு லட்சம் கடன் வாங்கினார். ஈடு என்று சொல்லி, சிங்களத்தில் எழுதிய உறுதியில் கைநாட்டு வாங்கினார்கள். வட்டி கட்டி இரண்டு வருடம் முடியப்போகிறது. இப்போது அது கிரய உறுதியாம் (விற்பனைப் பத்திரம்), பத்துப் பேர்ச் காணியையும் வீட்டையும் விடச் சொல்கிறார் பணம் தந்தவர். (ஹட்டன் வாசகர்)

பதில்: தம்பி, அம்மா வீட்டை விட்டு இறங்கவே வேண்டாம். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் யாரும் அவரை வெளியேற்ற முடியாது.

ஈட்டுக்குச் சம்மதித்தவர் விற்பனைக்குச் சம்மதிக்கவில்லை. எதற்கு வைக்கிறோம் என்று தவறாக விளங்கி வைத்த கைநாட்டு என்று சட்டம் இதை ஏற்கும். ஆனால் 'வாசிக்காமல் வைத்துவிட்டேன்' என்பது மட்டும் போதாது, அப்படி நம்பவைத்தது யார் என்று காட்டவேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு உறுதியை வாசித்து விளக்குவது, அதை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசின் கடமை. 1907ஆம் ஆண்டு நொத்தாரிசுக் கட்டளைச்சட்டமே அப்படிச் சொல்கிறது. கடைசிப் பக்கத்தில் 'வாசித்து விளங்கப்படுத்தினேன்' என்ற வரியும் இருக்கும். அம்மாவிடம் கேளுங்கள்: தமிழில் சொன்னது யார்? நான் பார்த்த வழக்குகளில் அது பெரும்பாலும் புரோக்கர்தான். கூட்டிப்போவதும் அவர், மொழிபெயர்ப்பதும் அவர், சாட்சி இருவரும் அவருடைய ஆட்கள். பணம் கொடுப்பவரின் ஆளை நம்பி எந்தக் கந்தோருக்கும் போகாதீர்கள்.

அந்தப் புரோக்கர் அம்மா நம்பி மதிக்கும் உறவினரோ தோட்டத்துப் பெரியவரோ என்றால் தகாச் செல்வாக்கு, அதாவது அந்த நம்பிக்கையைப் பயன்படுத்திச் சம்மதிக்க வைத்தார், என்றும் வாதிடலாம். வெறும் பணமுடை அதில் சேராது.

ஒன்றை மனதில் வையுங்கள். ஏமாற்றாலும் தகாச் செல்வாக்காலும் வந்த உறுதி தானாகச் செத்துப்போகாது, நீதிமன்றம் ரத்துச்செய்யும்வரை உயிரோடு இருக்கும். அதற்குள் விபரம் தெரியாத ஒருவர் காசு கொடுத்து வாங்கிவிட்டால் மீட்பது பெரும்பாடு. அம்மா குடியிருப்பதைப் பார்த்தும் விசாரிக்காமல் வாங்கியவர் 'தெரியாது' என்று எளிதில் தப்பமுடியாது என்றாலும், அந்தச் சண்டை நமக்கு எதற்கு? வழக்கைத் தாக்கல் செய்த கையோடு காணிப் பதிவகத்திலும் பதியுங்கள். உறுதி எழுதிய நாளிலிருந்து மூன்று வருடம் கடக்கும்முன் வழக்கைப் போட்டுவிடுங்கள்.

உங்களுக்குப் பலமான வழி 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டம். உறுதியில் பெயர் மாறினாலும், காணியை விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை என்று சூழ்நிலை காட்டினால், வாங்கியவர் அம்மாவுக்காகவே வைத்திருப்பதாக நீதிமன்றம் தீர்மானிக்கலாம். தொடர்ந்து குடியிருப்பது, வட்டி கட்டியது, காணியின் பெறுமதிக்கும் நான்கு லட்சத்துக்கும் உள்ள தூரம், எல்லாமே அதற்குச் சாட்சி. கடனைத் திருப்பிக் கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கவேண்டும்.

வழக்கு இழுபடும். தவணைக்குத் தவணை பஸ் ஏறும் தாய்மாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அவர்களுக்கு விளங்கும் மொழியில் உறுதி எழுதியிருந்தால் பாதி வழக்குகள் வந்தேயிராது. வருமானம் குறைவென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக வாதாடும். போகும்போது உறுதியின் பிரதி, மின்சார பில், வட்டி கொடுத்த நாட்களை அம்மா கோடு போட்டு வைத்த கலண்டர் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.