15 வருஷ பைக், மலை இறக்கம், பிரேக்: கேள்வி பதில்

நீலகிரியில் ஓடும் 100 சிசி பைக்குகளின் எஃப்.சி. (15 வருஷம் முடிந்ததும் ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, புதுப்பிக்க நடக்கும் சோதனை), பிரேக், புகை பற்றி வந்த கேள்விகள் இவை. டிரம் பிரேக் (சக்கர நடுவில் உள்ள டிரம்மை உள்ளிருந்து ஷூக்கள் அழுத்தும் பிரேக்) உள்ள, பழைய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வண்டிகளைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறேன்.

குன்னூர்: 2011 ஸ்பிளெண்டர். 15 வருஷம் முடியுது. ஆர்.சி. புதுப்பிக்க என்ன பார்ப்பாங்க?

25-ஆம் எண் படிவம். காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுங்கள். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். புதுப்பித்தால் 5 வருஷம் செல்லும்.

பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முதலில் கேட்பது சேசிஸ் நம்பர். ஹேண்டிலுக்குக் கீழே, ஃபிரேமின் தலைப்பகுதியில் அடித்திருக்கும். நம் ஊர் ஈரத்தில் அந்த இடம் துருவேறிக் கிடக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பென்சில் தேய்த்து எழுத்து வருகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள். எழுத்து மழுங்கினால் நம்பரைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும்.

அப்புறம் ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், ஸ்பீடோமீட்டர், கண்ணாடி. பிரேக் லைட் முன் லீவருக்கும் பின் பெடலுக்கும் தனித்தனியாக எரிய வேண்டும். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், சேலை கார்டு மூன்றும் சட்டப்படி கட்டாயம் (மத்திய மோட்டார் வாகன விதி 123). கழற்றி வைத்திருந்தால் திரும்ப மாட்டிக்கொண்டு போங்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும். அங்கே பிரேக்கைப் பார்ப்பது சமதளத்தில், ஆறின டிரம்மில், ஒரே ஆள் உட்கார்ந்து. பர்லியாறு இறக்கத்தில் இரண்டு பேரோடு அது எப்படிப் பிடிக்கும் என்று அந்தச் சான்று சொல்லாது.

கோத்தகிரி: பின் பிரேக் பெடல் கீழே போய்க்கிட்டே இருக்கு அண்ணே. மெக்கானிக் ஆர்மைக் கழட்டி மாட்டிக் கொடுத்தார், இப்ப நல்லா பிடிக்குது. ஷூ மாத்தணுமா?

உடனே மாற்றுங்கள். உங்களுக்கு நடந்திருப்பது ஆபத்தான வேலை.

பின்சக்கர பிரேக் தட்டில் வெளியே தெரியும் ஆர்ம், ஷூக்களை விரிக்கும், பல்வெட்டு உள்ள கேம் தண்டின் மேல் உட்காருகிறது. இரண்டிலும் சின்னப் புள்ளிக் குறி இருக்கும், அவை நேருக்கு நேர் சேர வேண்டும். ஷூ தேய்ந்து அட்ஜஸ்ட் நட்டு தீர்ந்துபோனால், ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுவது பல இடங்களில் வழக்கம். பெடல் மேலே வந்துவிடும், பிரேக்கும் பிடிக்கிற மாதிரி இருக்கும். உள்ளே லைனிங் (ஷூவின் மேல் உராயும் பட்டை) அதே தேய்ந்த லைனிங்தான். கேம் அளவுக்கு மீறித் திரும்பிக் குறுக்கே நின்றால் ஷூ திரும்பி வராது, சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஈரமான கொண்டை ஊசி வளைவில் அப்படி ஆனால் வண்டி கையில் நிற்காது.

நீங்களே பார்க்கலாம். ஆர்முக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி உண்டு. பெடலை முழுதாக மிதிக்கச் சொல்லிக் கவனியுங்கள். அம்பு, தட்டில் உள்ள எல்லைக் குறியைத் தொட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது. ஆர்மோடு அம்பையும் தள்ளி மாட்டியிருந்தால் அது பொய் சொல்லும். அதனால் புள்ளிகளை முதலில் பாருங்கள்.

ஷூ மாற்றும்போது:

சக்கரத்தைக் கழற்றியதும் தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். லைனிங் 2 மி.மீ.க்கு வந்திருந்தால் ஷூ போச்சு. கேமை வெளியே எடுத்துத் துரு நீக்கி, சூடு தாங்கும் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். லைனிங்கில் ஒரு சொட்டும் படக்கூடாது. டிரம்மின் உள்வட்டம் எதுவரை தேயலாம் என்று டிரம்மிலேயே அச்சடித்திருக்கும். அதைத் தாண்டினால் புது ஷூவும் உதவாது. கண்ணாடி மாதிரி பளபளத்தால் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். எல்லாம் மாட்டியபின் பெடல் விளையாட்டு (பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) 20 முதல் 30 மி.மீ. வையுங்கள். புது ஷூ முழுசாகப் பதிய 100 கி.மீ.க்கு மேல் ஓட வேண்டும், அதுவரை மலை இறங்க வேண்டாம்.

ஊட்டி: மேட்டுப்பாளையத்துல டியூன் பண்ணினேன். இங்க புகை டெஸ்ட்ல சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) ஏறிடுச்சு. ஏன்?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கீழே இருப்பதில் ஏறத்தாழ எண்பது சதவீதம்தான். கார்புரேட்டருக்கு அது தெரியாது. பெட்ரோலை அவ்வளவாகக் குறைக்காது, காற்று மட்டும் குறைகிறது. கலவை கெட்டியாகி (பெட்ரோல் பங்கு கூடி) சி.ஓ. ஏறும். 2000-க்குப் பிந்தைய, பி.எஸ்.4 என்ற புகை விதிக்கு முந்தைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு வரம்பு 3.5 சதவீதம்.

முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கி, ஐட்லிங் கலவை ஸ்குரூவைத் திருத்துங்கள். அந்த ஸ்குரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருப்ப கலவை மெலியும். இன்ஜின் பக்கம் இருந்தால் உள்ளே திருப்ப மெலியும். இதை மாற்றிச் செய்துவிட்டு வண்டியைத் திட்டுகிறவர்கள் நிறைய. கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள். மறுபடி கீழே போனால் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள், மெலிந்த கலவையில் சமவெளியில் ஓட்டினால் இன்ஜின் சூடேறும்.

மஞ்சூர்: இறக்கத்துல நியூட்ரல் போட்டா பெட்ரோல் மிச்சம்தானே?

சில துளி மிச்சம். அதற்கு விலையாக பிரேக்கை எரிக்கிறீர்கள். கியரில் இறங்குங்கள்.

கூடலூர்: அது எப்படி? இன்ஜின் பிரேக் போட்டா இன்ஜின் தேயும். ஷூ மலிவு, இன்ஜின் வேலைதான் செலவு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியும் இரண்டு பேருமாக 240 கிலோ. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் சுமார் 1,500 மீட்டர் உயரம் குறைகிறது. அதில் கிடைக்கும் சூடு பத்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். காற்றுத் தடை கொஞ்சம் தின்னும். மீதியில் பெரும்பங்கை நியூட்ரலில் இரண்டு சின்ன டிரம்தான் வாங்க வேண்டும். கியரில் இருந்தால் இன்ஜினும் பங்குபோட்டுக்கொள்ளும்.

திராட்டில் மூடி இறங்கும்போது சிலிண்டரில் எரிப்பின் அழுத்தம் இல்லை, ஆயில் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் பெரிதாகத் தேயாது. இன்ஜினைக் கெடுப்பது தவறான கியர். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

கூடலூர்: பி.எஸ்.6 வண்டிக்கும் இதேதானா?

அதற்கு இன்னும் பொருந்தும். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் திராட்டில் மூடி கியரில் இறங்கும்போது பெட்ரோல் தெளிப்பது நின்றுவிடும். நியூட்ரலில் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் போகும். மிச்சம் என்கிற வாதமே அங்கே இல்லை.

அரவங்காடு: இன்ஜினையே ஆஃப் பண்ணி இறங்கினா?

கூடாது. ராத்திரியில் பல பழைய வண்டிகளில் ஹெட்லைட்டும் அணைந்துவிடும்.

குன்னூர் (வேறொருவர்): எஃப்.சி. பாஸ். அப்ப பிரேக் ஓகேதானே?

முதல் பதிலின் கடைசிப் பத்தியைப் படியுங்கள்.

கோத்தகிரி: என்ன ஆயில்?

கையேட்டில் உள்ளது. பெரும்பாலும் 10டபிள்யூ-30.

ஊட்டி: புல்லட்டுக்கு?

புல்லட் வேலை தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கூடலூர்: பின் பிரேக் பெடல் கீழே போகுது, ஆர்மைத் தள்ளி மாட்டலாமா?

இரண்டாவது ஆள் கேட்கிறீர்கள். கூடாது. கோத்தகிரிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குன்னூர்: ஹேண்டில் நேரா இருக்கும்போது லேசா சிக்குது.

கோன் செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்). இறக்கத்தில் முன் பிரேக் பிடித்துப் பிடித்து பால்கள் தாம் உருளும் ரேஸில் குழி போட்டிருக்கும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன்சக்கரம் தரையில் படாமல் பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி, ஹேண்டிலை விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் "டக்" என்று உட்கார்ந்தால் செட்டையே மாற்றுங்கள். நட்டை முறுக்கினால் சிக்கல் கூடும்.

கோத்தகிரி: பனி நேரத்துல காலைல பிரேக் பிடிக்கல. ஷூ புதுசு.

டிரம்முக்குள் ஈரம். இறக்கம் தொடங்கும் முன் சமதளத்தில் இரண்டாம் கியரில் கொஞ்ச தூரம், இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொட்டபடி ஓட்டுங்கள். காய்ந்ததும் பிடிக்கும். காய்ந்தும் பிடிக்காவிட்டால் ஷூவில் கிரீஸ் பட்டிருக்கிறது, சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்.