அலுமினியத் தகட்டில் துளை முக்கோணமாகிறது: ட்ரில்லை மாற்றணுமா?

கிட் வாங்கிக் கட்டும் விமானத்தின் இறக்கைத் தகட்டில் துளைகள் வட்டமாக வரவில்லை, அரமும் ஓரத்தைக் கீறுகிறது, விலை கூடின ட்ரில் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ட்ரில்லை விடுங்கள், அதில் மாட்டும் பிட்டைப் (துளை போடும் கம்பி) பாருங்கள். மெல்லிய தகட்டில் சாதாரண 118 டிகிரி முனை வழுக்கி அலையும். 135 டிகிரி ஸ்ப்ளிட் பாயின்ட் (வழுக்காதபடி நுனி பிளந்து தீட்டிய பிட்) வாங்குங்கள். 1/8 அங்குல ரிவெட்டுக்கு (தகடுகளை இணைக்கும் ஆணி) 30ஆம் எண் பிட், 3/32க்கு 40ஆம் எண். முதலில் கொஞ்சம் சின்னதாகத் துளைத்து, க்ளீகோ (தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, அப்புறம் ரீமரால் (துளையைச் சீராக அகலப்படுத்தும் கருவி) முழு அளவுக்குக் கொண்டுவந்தால் துளை சுத்தமாக இருக்கும். கை தானாக அழுத்த ஆரம்பித்தால் பிட் மழுங்கிவிட்டது என்று அர்த்தம், அப்போதே மாற்றிவிடுங்கள்.

கீறுவது அரம் இல்லை, பல்லுக்குள் அடைத்துக்கொண்ட அலுமினியத் துணுக்கு. அரத்தின் மேல் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு அராவுங்கள். அடிக்கடி கம்பி பிரஷ்ஷால் பல்வரிசையின் போக்கிலேயே துலக்குங்கள். இரும்பு அராவிய அரத்தை மட்டும் இதில் வைக்கவே வேண்டாம் (இரவல் அரம் என்றால் இன்னும் ஜாக்கிரதை). இரும்புத்தூள் பதிந்த இடத்தில் அரிப்பு பிடிக்கும்.

ஏற்கெனவே கெட்ட துளைகளில் அடுத்த அளவு ரிவெட் போடலாம், ஆனால் துளை மையத்திலிருந்து ஓரம்வரை புது ரிவெட் விட்டத்தைப் போல 2 மடங்காவது இருக்கணும். கிட் வரைபடத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.