டாகிள் பிளேட்டுக்கு வெல்டிங் வேண்டாம்

கேள்வி: பழைய ஜா கிரஷர் ஒன்றை வாங்கி, பெயர்த்த தார்ச் சாலைத் துண்டுகளை உடைத்துக் கொடுக்கிறேன். காலையில் நன்றாக ஓடுகிறது, பதினோரு மணிக்கு மேல் வாய் அடைத்துக்கொள்கிறது. இரண்டு மாதத்தில் இரண்டு டாகிள் பிளேட் போய்விட்டது. கனமான தகடாக வெல்டு செய்து போடலாமா? தார் ஒட்டாமல் இருக்க டீசல் தெளிக்கலாமா?
– வாசகர் ஒருவர், நீடாமங்கலம்

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி.

ஜா கிரஷரில் நிற்கும் தாடைக்கும் ஆடும் தாடைக்கும் நடுவில் கல் நசுங்கும். ஆடும் தாடையைப் பின்னாலிருந்து தாங்கும் தகடுதான் டாகிள் பிளேட், அது உடைவதற்கென்றே வைத்த உருப்படி. ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று கெட்டிக் கம்பியைச் சுற்றினால் என்ன ஆகும்? அதே கதைதான். வாயில் இரும்பு சிக்கினால் தகடு முறியும், ஆடும் தாடை தளர்ந்துவிடும், மற்றதெல்லாம் பிழைக்கும்.

வல்லம் பக்கம் ஒரு கிரஷரில் ஃபோர்மேனாக இருந்தபோது நானும் ஒன்றரை மடங்கு கனத்தில் தகடு போட்டவன்தான். இருபது நாள் நிம்மதி. அப்புறம் ஒருநாள் ஜேசிபி பக்கெட்டின் பல் ஒன்று கழன்று கல்லோடு உள்ளே போனது. தகடு அசையவில்லை, தாடையைச் சுமந்து ஆட்டும் பிட்மேன் விரிசல் விட்டது. முதலாளி திட்டவில்லை. அந்தப் பல்லை எடுத்துவந்து என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருக்கலாம்.

சரி, ஏன் அடைக்கிறது? கருங்கல் படீரென்று உடையும். தார்க்கட்டி வெயில் ஏறினால் நசுங்குமே தவிர உடையாது. தூளும் கட்டியும் சேர்ந்து, உடைந்த கல் வெளியேறும் கீழ்வாயில் எள்ளுருண்டை மாதிரி இறுகிவிடும், அந்த அழுத்தம் முழுக்க டாகிள் மேல் வரும். அதனால் விடியற்காலையில் ஆரம்பித்து ஒன்பது மணிக்குள் முடியுங்கள். முதலில் சல்லடையில் விட்டுத் தூளைப் பிரித்துவிடுங்கள், கட்டி மட்டும் கிரஷருக்குப் போகட்டும். தார் அதிகம் இருப்பது தூளில்தான், ஒட்டுவதும் அதுதான். கீழ்வாயையும் கொஞ்சம் அகலமாக வையுங்கள்.

டீசல் தாரையே கரைத்துவிடும். அந்த ஜல்லியில் போட்ட சாலை பெயர்ந்து வந்தால் பழி உங்கள் மேல்தான். ஒட்டியதை ஆறவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கடப்பாரையால் தட்டி எடுங்கள்.

குவியலை மிக உயரமாகப் போடாதீர்கள். வெயிலிலும் சொந்தக் கனத்திலும் மறுபடி கட்டிக்கொள்ளலாம். மேலே கூரை போடுங்கள். தார்ப்பாய் போர்த்தினால் உள்ளே வியர்த்து ஈரம் தங்கும், அந்த ஈரத்தைக் காயவைக்கவே, ஜல்லியையும் தாரையும் சூடாகக் கலக்கும் ஹாட் மிக்ஸ் பிளான்ட்டில் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். ஜேசிபிகாரரிடமும் சொல்லிவையுங்கள், அடியிலுள்ள களிமண்ணைச் சேர்த்து அள்ள வேண்டாம் என்று.

நீங்கள் செய்வது நல்ல தொழில். நம் டெல்டாவில் தோண்டினால் வண்டல்தான், ஜல்லி எல்லாம் புதுக்கோட்டை, பெரம்பலூர் பக்கத்திலிருந்து லாரியில் வருகிறது. தார் மேல் தார் போட்டே எங்கள் தெருவில் வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. பழையதைச் சுரண்டிவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்ட பிறகாவது இந்தக் கல்லுக்கு மதிப்பு வந்தது.

உடைந்த டாகிளைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் முறிந்த இடத்தைப் பாருங்கள். நடுவில் இல்லாமல் ஒரு மூலையிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தால் தார் மட்டும் காரணமாக இருக்காது. தகடு உட்காரும் இடம் தேய்ந்திருக்கலாம், தகடு கழன்றுவிடாமல் தாடையை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் ராடு ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கலாம். போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்க்கலாம்.