கணினி மாணவருக்கு உயிரியல்: எங்கே தொடங்குவது, எதை விடுவது?

கேள்வி: கொழும்பில் வார இறுதி முதுமாணி வகுப்பொன்றில் உயிர்த்தகவலியல் (உயிரியல் தரவைக் கணினியால் ஆராயும் துறை) படிப்பிக்கப் போகிறேன். மாணவர்கள் எல்லோரும் கணினிப் பட்டதாரிகள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு, உயிரியலைச் சாதாரணதர விஞ்ஞானத்தோடு விட்டவர்கள். அடிப்படை உயிரியலுக்கு எட்டு ஞாயிற்றுக்கிழமைகள், தலா மூன்று மணித்தியாலம். எப்படிப் பயன்படுத்துவது?
– விரிவுரையாளர், வெள்ளவத்தை

பதில்: 24 மணித்தியாலத்துக்குள் உயர்தர உயிரியலைச் சுருக்கிக் கொடுக்கப் பார்க்காதீர்கள். கலப்பிரிவின் அவத்தைகளை ஒப்புவிப்பார்கள். தரவுக் கோப்பைத் திறந்தால் விழிப்பார்கள். ஒளித்தொகுப்பு, கிரெப்ஸ் வட்டம், பாகுபாட்டியல் மூன்றையும் தயங்காமல் விடலாம். ஒரேயொரு பரம்பரையலகை எடுத்து, பெரும்பாலான வாரங்களை அதிலேயே ஓட்டுங்கள்.

அதற்குத் தோதானது குருதியின் ஹீமோகுளோபினில் ஒரு பகுதியைத் தரும் பீட்டா குளோபின் பரம்பரையலகு, சுருக்கமாக எச்பிபி. சுமார் 1,600 டி.என்.ஏ. எழுத்து (ஏ, சி, ஜி, டி), மூன்று எக்சோன் (வைத்துக்கொள்ளப்படும் துண்டு), இரண்டு இன்ட்ரோன் (இடையில் வந்து வெட்டியகற்றப்படும் துண்டு). இதன் பழுதால் வரும் பரம்பரைக் குருதி நோயான தலசீமியா இலங்கையில் தெரிந்தது என்பதால் ‘இது எதற்கு?’ என்ற கேள்வியும் எழாது.

முதல் வகுப்பிலேயே 11ஆம் நிறமூர்த்தத்தின் அந்தப் பகுதியைக் கொடுத்து, அதன் புரதத்தின் 147 அமினோ அமிலங்களைத் தரும் கணினி நிரலை எழுதச் சொல்லுங்கள். கோடன் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று எழுத்து) அட்டவணையும் எக்சோன் எல்லைகளும் போதும். விளக்கவுரை பிறகு. நிரல் நிச்சயம் பிழைக்கும். பாடம் அந்தப் பிழைகளில்தான் இருக்கிறது. டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளில், கோப்பில் எழுதியிருப்பதற்கு எதிர் இழையில் எச்பிபி இருப்பதால் வரிசையைப் புரட்டி நிரப்பு எழுத்துகளை எடுக்காதவருக்கு எதுவும் பொருந்தாது. முதல் எழுத்திலிருந்தே மூன்று மூன்றாக வாசிப்பவர், தொடக்கக் கோடனான ஏடிஜிக்கு முன்னால் புரதமாகாத பகுதி உண்டென்று அப்போதுதான் அறிவார். கெட்டிக்காரர்கள் விழுவது மூன்றாவது இடத்தில்: எக்சோன்களைத் தனித்தனியே மொழிபெயர்த்து ஒட்டுவார்கள். முதல் எக்சோனின் குறியீட்டுப் பகுதி 92 எழுத்து, மூன்றால் வகுபடாது. ஒரு கோடனின் இரண்டு எழுத்து இன்ட்ரோனுக்கு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். முதலில் வெட்டி ஒட்டி, பிறகே மொழிபெயர்க்க வேண்டும். கலம் செய்வதும் அதே வரிசையில்தான். 92, 223, 129 மூன்றையும் கூட்டினால் 444. நிறுத்தற் கோடனைக் கழித்தால் 147 அமினோ அமிலம்.

அடுத்து, டி.என்.ஏ. எழுத்தில் வரும் மாற்றங்கள். அரிவாட் கல நோயில் ஜிஏஜி என்ற கோடன் ஜிடிஜி ஆகிறது. குளுட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வலின். இது எளிது. இதோடு நிறுத்தினால், புரதத்தை மாற்றாத மாற்றம் தீங்கற்றது என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். ஆகவே உடனேயே முதல் இன்ட்ரோனின் ஐந்தாம் எழுத்தில் ஜி, சி ஆவதைக் காட்டுங்கள். இலங்கையில் பரவலாகக் காணப்படும் பீட்டா தலசீமியா மாற்றங்களில் இதுவும் ஒன்று. அமினோ அமிலம் ஒன்றுகூட மாறவில்லை. வெட்டும் இடம் கெட்டுப்போவதால் சரியான ஆர்.என்.ஏ. (புரதம் செய்யப் பயன்படும் பிரதி) வெகுவாகக் குறைகிறது. மொழிபெயர்ப்பு நிரலை எவ்வளவு திறமையாக எழுதினாலும் இது அகப்படாது. இதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குவது வீணல்ல.

இடக்குறிப்புக்கு, அதாவது நிறமூர்த்தத்தில் ஓர் எழுத்தின் இடத்தை எண்ணால் குறிப்பதற்கு, அரை வகுப்பு. அதே அரிவாள் மாற்றம் மனித டி.என்.ஏ. மேற்கோள் வரிசையின் ஜிஆர்சிஎச்38 பதிப்பில் 5227002ஆம் இடம், 37ஆம் பதிப்பில் 5248232. மாற்றங்களைப் பட்டியலிடும் விசிஎஃப் கோப்பு ஒன்றிலிருந்து எண்ணும், பகுதிகளின் எல்லைகளைத் தரும் பெட் கோப்பு பூச்சியத்திலிருந்து எண்ணும். ஆகவே பெட்டில் தொடக்கம் 5227001. இன்னொன்று: பரம்பரையலகில் ஏ, டி ஆகிறது, விசிஎஃப்பில் டி, ஏ என்று இருக்கும். எதிர் இழை என்று தெரியாதவர் கோப்பில்தான் பிழை என்பார்.

தரவு எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு நாளாவது ஆய்வுகூடத்தில் காட்டுங்கள். டி.என்.ஏ.யைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் வினையொன்றை அமைத்து, துண்டுகளை நீளப்படி பட்டைகளாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினாலே போதும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டித்தால் 30 சுற்றில் இரண்டின் 30ஆம் அடுக்கு, அதாவது சுமார் 107 கோடி பிரதி வரவேண்டுமென்று கணக்குப் போட்டு வருவார்கள். நடைமுறையில் நொதியம் களைக்கும், பிரைமர் (பிரதியெடுப்பைத் தொடக்கும் சிறு துண்டு) தீரும், பட்டையே விழாமலும் போகும். பைபெற்றைப் பிடித்துப் பார்த்தவர் அதன் பிறகு தரவை அவ்வளவு எளிதில் நம்பமாட்டார்.

இயந்திரக் கற்றலில் தேர்ந்தவர்களுக்குத் தனியாக இரண்டு எச்சரிக்கை. நோயாளரின் மாதிரிகளை ஒரு தொகுதியாகவும் மற்றவர்களுடையதை வேறொரு தொகுதியாகவும் டி.என்.ஏ. வரிசை வாசித்திருந்தால், மாதிரியுரு (பயிற்றப்படும் கணினி மாதிரி) நோயைக் கற்காது, தொகுதியைத்தான் கற்கும். புரத வரிசைகளை எழுமாறாகப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால் உறவுப் புரதங்கள் இரண்டு பக்கமும் விழுந்து, துல்லியம் பொய்யாக உயரும். முதலில் ஒற்றுமையை வைத்துக் கொத்தாக்கி, முழுக் கொத்தாகப் பிரிக்கச் சொல்லுங்கள். 30% ஒற்றுமை வழக்கமான எல்லை.

மதிப்பீட்டுக்குப் பல்தேர்வு வினா வேண்டாம். மூன்று மாற்றங்கள் கொண்ட சிறு விசிஎஃப் கோப்பைக் கொடுத்து, எது நோய் தரும், ஏன் என்று அரைப் பக்கம் எழுதவிடுங்கள். நிரலுக்கு 30 புள்ளி, காரணத்துக்கு 70.