அதிபரின் கையெழுத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகன் ஏழு ஆண்டுகளாக அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். அதிபர் புதிதாக ஓர் ஆணையில் கையெழுத்திட்டார் என்று செய்தி வரும் நாட்களில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஒரே கையெழுத்தில் அவசரச் சட்டம் வந்துவிடும் என்றால் அங்கே காங்கிரஸ் என்ற நாடாளுமன்றம் எதற்கு? காங்கிரஸ் இயற்றும் சட்டத்தையும் அவர் வீட்டோ செய்து, அதாவது ஒப்புதல் தர மறுத்து, சாகடித்துவிடலாமாமே. இதற்கும் மன்னராட்சிக்கும் என்ன வேறுபாடு?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள அம்மா,

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். அவசரச் சட்டம் பிறப்பிக்கும் அதிகாரம் நம் குடியரசுத் தலைவருக்கு உண்டு. அமெரிக்க அதிபருக்குக் கிடையாது. அங்கே சட்டமியற்றும் பொறுப்பை அரசியலமைப்பின் முதல் பிரிவு காங்கிரஸிடம் கொடுத்திருக்கிறது. அதிபர் பிறப்பிப்பது நிர்வாக ஆணை. அதற்கு வலு அரசியலமைப்பிலிருந்து வர வேண்டும், அல்லது காங்கிரஸ் இயற்றிய ஒரு சட்டத்திலிருந்து வர வேண்டும். வீட்டோவும் முடிவான சொல் அல்ல. இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் மீண்டும் வாக்களித்தால் மசோதா சட்டமாகிவிடும். அது எளிதில் நடப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அதிபரின் போர் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1973ஆம் ஆண்டுத் தீர்மானம், அன்றைய அதிபர் நிக்சனின் வீட்டோவை மீறித்தான் நிறைவேறியது.

வலு இல்லாத ஆணைக்கு என்ன நேரும் என்பதை அதிபர் ட்ரூமன் அறிந்துகொண்டார். 1952இல் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். ஆயுத உற்பத்தி நின்றுவிடும் என்று அஞ்சிய ட்ரூமன், ஏப்ரல் 8 அன்று நாட்டின் பெரும்பாலான எஃகு ஆலைகளை அரசின் வசம் எடுத்துக்கொள்ள ஆணையிட்டார். மறுநாளே காங்கிரஸுக்கும் தெரிவித்தார். காங்கிரஸ் ஒன்றும் செய்யவில்லை. ஆலை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன.

அன்று உச்ச நீதிமன்றத்தில் இருந்த ஒன்பது நீதிபதிகளையும் நியமித்தவர்கள் ட்ரூமனுக்கு முன் அதிபராக இருந்த ரூஸ்வெல்ட்டும் ட்ரூமனும்தான். நால்வர் ட்ரூமனே நியமித்தவர்கள். ஆனாலும் ஜூன் 2 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஆணை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அந்த நால்வரில் இருவர் அவருக்கு எதிராக நின்றார்கள். இப்படி ஆலைகளைக் கைப்பற்றும் அதிகாரத்தை அதிபருக்குத் தரலாமா என்று 1947இலேயே யோசித்து, வேண்டாம் என்று காங்கிரஸ் விட்டிருந்தது. ட்ரூமன் தாமதிக்காமல் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் தொடங்கிய வேலைநிறுத்தம் ஐம்பது நாட்களுக்கு மேல் நீடித்தது.

அந்த வழக்கில் நீதிபதி ஜாக்சன் தனியாக எழுதிய கருத்தைத்தான் இன்றும் அங்கே அளவுகோலாகக் கொள்கிறார்கள். அவர் ஒரு காலத்தில் ரூஸ்வெல்ட்டின் அட்டர்னி ஜெனரலாக, அதாவது அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்து அதிபரின் அதிகாரத்துக்காக வாதாடியவர். காங்கிரஸ் அனுமதி தந்திருந்தால் அதிபரின் பலம் உச்சத்தில் இருக்கும், காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிராகப் போனால் அடிமட்டத்தில் இருக்கும், காங்கிரஸ் வாய் திறக்காதபோது அது அந்தி வெளிச்சம் போல மங்கலானது என்றார். என்னை அதிகம் கலங்கச் செய்வது அந்த அந்திதான். காங்கிரஸ் கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942இல். கொரியப் போரும் வியட்நாம் போரும் அதற்குப் பிறகு, அப்படி அறிவிக்கப்படாமலே வந்தவை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் உங்களிடம் நேர்மையாக இருந்தவன் ஆகமாட்டேன். காங்கிரஸும் அதிபரும் ஒன்றுசேர்ந்தால் தடுப்பதற்கு ஆள் குறைவு. 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணை எண் 9066இன் பேரில், ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு வாசலை விட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். காங்கிரஸ் அடுத்த மாதமே அதற்குத் துணையாகச் சட்டம் இயற்றியது. உச்ச நீதிமன்றமும் 1944இல் அந்த வெளியேற்றத்தை ஏற்றுக்கொண்டது.

ஆகவே அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால், ஆணையின் முதல் பத்தியைப் படித்துச் சொல்லும்படி மகனிடம் கேளுங்கள். எந்த அதிகாரத்தின் பேரில் பிறப்பிக்கப்படுகிறது என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். குறிப்பிட்ட சட்டத்தின் பிரிவு இருந்தால், அந்தப் பிரிவு இவ்வளவு தூரம் இடம் கொடுக்கிறதா என்பதே கேள்வி. ட்ரூமனின் ஆணையில் அப்படி எந்தச் சட்டத்தின் பெயரும் இல்லை. அரசியலமைப்பும் சட்டங்களும் தந்த அதிகாரம், படைகளின் தலைமைத் தளபதி என்ற தகுதி என்று பொதுவாகத்தான் எழுதியிருந்தது.