கிழக்குக் கடற்கரைச் சாலையில் எப்போது என்ன பூக்கும்?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் இருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது, லேசாக வீசிங் உண்டு. மாமியாருக்கு முழங்கால் வலி. ஏப்ரல் பாதியில் பரீட்சை முடிகிறது. ஊட்டி, ஏற்காடு என்று கூட்டத்தில் போய் இடிபடாமல், கடலோரமாகவே ஒரு நாள் பூக்களைப் பார்க்கிற மாதிரி போய்வர முடியுமா? "நம்ம ஊர்ல வசந்தம் ஏது, வெயில்தான் இருக்கு" என்கிறார் கணவர். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன பார்க்கலாம்? குழந்தை பூப்பறித்தால் தவறா?

பதில்:

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. வெயில் இருக்கிறது. அந்த வெயிலை நம்பித்தான் இங்கே பூவும் இருக்கிறது.

சோழமண்டலக் கடற்கரைக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. தை கழிந்ததும் மேல்மண் காயத் தொடங்கும். மரங்கள் பழைய இலையைக் கொட்டித் தண்ணீர்ச் செலவைக் குறைத்துக்கொள்கின்றன; ஆழத்து ஈரத்தை வேர் தொட்டுக்கொண்டிருக்கும். இலையில்லாத கிளையில் பூத்தால் வண்டுக்கும் பறவைக்கும் வெகுதூரத்திலிருந்தே தெரியும். ஆகவே நம் கடலோரத்தில் வசந்தத்தைப் பார்க்க அண்ணாந்து பார்க்க வேண்டும். மலைவாசஸ்தலங்களில் போல பாத்தி கட்டி வரிசையாக வைத்த பூக்களைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று அலுத்துக்கொள்வார்கள். பங்குனியில் விடிகாலை இலுப்பை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பூவை ஒன்று எடுத்துக் கழுவி வாயில் போட்டவர்கள் அந்தப் பழமொழியை அவ்வளவு இளக்காரமாகச் சொல்ல மாட்டார்கள்.

நாள்தான் இதில் முக்கியம். எந்த இடம் என்பதைவிட எந்த வாரம் என்பதைப் பாருங்கள். மாசியில் போனால் சிவப்பு: இலவு, கல்யாண முருங்கை. இலவம்பூ உள்ளங்கை அளவு, தடித்த இதழ், விழுந்தால் 'தொப்'பென்று சத்தம் கேட்கும். அதன் தேனுக்கு மைனா, காக்கை, கரிச்சான், மாங்குயில் எல்லாம் சண்டை போடும். பங்குனியில் மாவிலங்கம் இலை தெரியாமல் வெள்ளையாகப் பூத்து, நாள் ஆக ஆக வெண்ணெய் நிறத்துக்கு மாறும், வேம்பும் அப்போதுதான். சித்திரை பிறக்கும்போது புங்கம் உச்சத்தில் இருக்கும், சரக்கொன்றை தொடங்கும், மயில்கொன்றை அங்கங்கே தீப்பிடிக்கும். நீங்கள் கேட்கும் ஏப்ரல் பாதி இந்தக் கடைசிக் கட்டம். இலவைத் தேடாதீர்கள், அதில் பஞ்சு வெடிக்கிற நேரம் அது. தாழம்பூவையும் தேட வேண்டாம். அது பெரும்பாலும் மழைக்காலத்துப் பூ.

சரி, உங்கள் வாரத்துக்கு வருவோம்.

புங்கமரத்தைப் பார்க்க நீங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலை (இ.சி.ஆர்) ஏறவே வேண்டியதில்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர்க் குறுக்குத் தெருக்களில் காலை ஆறரைக்கு, தெருக்கூட்டுபவர்கள் வருவதற்கு முன்னால் போய் நில்லுங்கள். இரவெல்லாம் உதிர்ந்த பூ தார்ச்சாலை மேல் பொரி சிந்தியதுபோலக் கிடக்கும். ஒன்றை எடுத்து மகள் கையில் கொடுங்கள். அவரைப்பூவின் ஜாடை தெரியும், ஏனென்றால் இரண்டும் ஒரே குடும்பம். வெளுத்த ஊதா இதழ், அதைப் பிடித்திருக்கும் பழுப்பு நிறக் கிண்ணம். அப்புறம் மேலே காதைக் கொடுக்கச் சொல்லுங்கள். தேனீ இரைச்சல் மரம் முழுக்கக் கேட்கும். மாமியாருக்கும் இதில் கஷ்டமில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுபோனால் மரத்தடியில் உட்கார்ந்தே பார்க்கலாம். அவருக்குத் தெரிந்த விஷயம் ஒன்றும் அந்தத் தெருவிலேயே இருக்கும்: வேப்பம்பூ. வீட்டுத்தோட்டத்திலோ வண்டி அதிகம் போகாத உள்தெருவிலோ மரம் இருந்தால், சாயங்காலமே பழைய வேட்டியை விரித்துவைத்து விடிந்ததும் அள்ளச் சொல்லுங்கள். பெருஞ்சாலை மரத்தடிப் பூ வேண்டாம், புகையும் புழுதியும் படிந்திருக்கும். சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் பச்சையாக, மிச்சத்தை நிழலில் உலர்த்திவைத்தால் வருஷம் முழுக்க ரசத்துக்கு.

சரக்கொன்றைக்கு ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். தொங்கும் கொத்தில் காம்புப் பக்கத்துப் பூக்கள் முதலில் விரியும்; நுனியில் இருப்பவை கடைசி. கொத்தின் அடிநுனியில் உருண்டை மொட்டுகள் நிறைய மூடியிருந்தால் அந்த மரம் இன்னும் சில நாள் தாங்கும், அடுத்த ஞாயிறு கூடப் போகலாம். நுனிவரை விரிந்துவிட்டதா, அன்றைக்கே பார்த்துவிடுங்கள். போன வருஷத்துக் கறுத்த நீளக்காய்கள் பூவோடு சேர்ந்து தொங்குவதையும், பெரிய கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு உறுமுவதையும் குழந்தை ரசிக்கும். உறுமல் சும்மா இல்லை. அந்த அதிர்வில்தான் மகரந்தம் உதிர்கிறது.

இங்கே ஒரு புலம்பல். இரண்டு மூன்று வருஷமாக, படம் எடுப்பதற்காகக் கிளையை உலுக்கிப் பூமழை பொழியவைக்கும் பழக்கம் வந்திருக்கிறது. இளஞ்சிவப்பு டபெபுயா மரத்தடியில் இதற்கு வரிசையே நிற்கிறது. ஒருவர் உலுக்கினால் அடுத்து வருபவருக்குப் பாதி மரம்தான் மிச்சம். குழந்தை பூப்பறிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்: உதிர்ந்ததை எவ்வளவு வேண்டுமானாலும் பொறுக்கட்டும், கிளையில் இருப்பதை விட்டுவிடட்டும். பூவரசு இலைக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம், ஒன்றிரண்டு பறித்துச் சுருட்டிப் பீப்பீ ஊதக் கற்றுக்கொடுங்கள். மாமியாருக்குத் தெரியாமல் இருக்காது. பூவரசின் மஞ்சள் பூ சாயங்காலத்துக்குள் சிவந்து வாடிவிடும். காலையில் ஒன்றைக் குறித்துவைத்துத் திரும்பும்போது அதையே பார்த்தால் நிறம் மாறியிருக்கும்.

தெருவை முடித்துக்கொண்டு ஏழு மணிக்கெல்லாம் இ.சி.ஆரில் தெற்கே கிளம்புங்கள். கோவளம் தாண்டி, கட்டடக்காரர்கள் மணல்மேட்டைச் சமப்படுத்தாமல் விட்டுவைத்த இடங்களில் அடும்புக்கொடி படர்ந்திருக்கும். நடுவே பிளந்த தடித்த இலை, ஊதா கலந்த புனல் வடிவப் பூ. காலையில் விரிந்து உச்சிவெயிலில் சுருங்கிவிடும், அதனால் இதையும் ஒன்பதுக்குள் பார்த்துவிட வேண்டும். இந்தக் கொடி மணலைப் பிடித்துவைக்கிறது. பிடுங்கினால் மேடு காற்றோடு போய்விடும். பக்கத்திலேயே ராவணன் மீசை என்ற புல் வளரும், அதன் நுனி ஊசி மாதிரி குத்தும். குழந்தை செருப்பைக் கழற்றாமல் இருக்கட்டும். அதன் முள்ளுருண்டை விதைக்கொத்து காற்றில் உருண்டு ஓடுவதைத் துரத்துவது நல்ல விளையாட்டு, கையால் பிடிக்காத வரையில். கடலில் இறங்க வேண்டாம். இந்தக் கரையில் அலைக்குக் கீழே இழுப்பு பலம், முழங்கால் ஆழத்திலேயே ஆளைத் தள்ளிவிடும்.

மாமல்லபுரத்தில் டிபன். தொல்லியல் துறை வளாகத்தின் புல்வெளியில் மரநிழல் உண்டு, பாறை ஏறாமலே உட்காரலாம். ஒன்பதரைக்குப் பிறகு வெளியே சுற்றுவதை நிறுத்திவிடுங்கள். சித்திரையில் காலையில் நிலக்காற்று. கடற்காற்று உள்ளே வர பகல் பதினொன்று, பன்னிரண்டு ஆகும், சில நாள் இன்னும் தாமதம். அதுவரை புழுக்கம் தாங்காது. பதநீர் கிடைத்தால் காலையிலேயே குடித்துவிடுங்கள், வெயில் ஏற ஏற அது புளிக்கும். வழியில் நுங்கு வாங்கும்போது விரலால் குத்தினால் நீர் தெறிக்கும் இளசாகக் கேளுங்கள். முற்றினது வயிற்றுவலி.

மதியச் சாப்பாட்டுக்கு மீன் என்று திட்டம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வஞ்சிரம் விலை எகிறும், ஐஸில் கிடந்தது வரவும் வாய்ப்புண்டு. ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவரும் சின்ன மீன்களைக் கேட்டுச் சாப்பிடுவது புத்திசாலித்தனம்.

வீட்டுக்குத் திரும்பித் தூங்கி எழுந்து, தெம்பிருந்தால் சாயங்காலம் பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு வாருங்கள். தையிலிருந்து பங்குனி வரை கரையேறி முட்டையிட்ட பங்குனி ஆமைகளின் (ஆலிவ் ரிட்லி கடலாமைகளின்) குஞ்சுகள் பொரிந்து வருகிற காலம் இது. சுமார் ஏழு வாரத்தில் பொரியும். பொரிப்பகத்திலிருந்து பொழுது சாயும் நேரத்தில் அவற்றைக் கடலில் விடுவார்கள். தினமும் இருக்காது, அன்று உண்டா என்று கேட்டுக்கொண்டு போங்கள். செல்போன் வெளிச்சம் கூடாது. குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்துத் திசைமாறிவிடும்.

இதற்கு மேல் ஒரு இரவு தங்க முடியும் என்றால் புதுச்சேரிப் பக்கம் போகலாம். ஒரே நாளில் போய்வர நான் சொல்ல மாட்டேன், போக மட்டும் சுமார் 150 கிலோமீட்டர், மாமியாரின் முழங்காலுக்கு அது ஆகாது. போகிறவர்கள் மரக்காணத்து உப்பளத்தில் வெள்ளைக் குவியல்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புதுச்சேரிக்கு வடக்கே இ.சி.ஆரை ஒட்டியிருக்கும் புத்துப்பட்டு ஐயனார் கோயில்காட்டில் இறங்குங்கள். ஒரு காலத்தில் இந்தக் கரை நெடுக இருந்த பசுமைமாறாக் காட்டின் மிச்சம் இப்படிக் கோயிலை அண்டித்தான் பிழைத்திருக்கிறது. எனக்கு இந்த வழியிலேயே மிகப் பிடித்த பூ அங்கேதான்: காயா. உள்ளூரில் காசான் என்பார்கள். குட்டையான மரம், பளபளக்கும் இலை. பூ கிளை நுனியில் வராமல், கட்டையை ஒட்டிக் கணுவுக்குக் கணு நீலக் கொத்தாக மொய்த்திருக்கும். காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைச் சொல்லிக் கேட்டிருப்பார், ஆனால் அந்தப் பூவைப் பார்த்திருக்கமாட்டார் மாமியார். பூப்பு சில நாள்தான், மரத்துக்கு மரம் மாறும், எனவே கிடைத்தால் அதிர்ஷ்டம். செருந்தியின் மஞ்சளும் அப்படியே. கோயில்காட்டில் உதிர்ந்த பூவைக்கூட எடுக்காமல் வருவதே முறை. ஊர்க்காரர்கள் சுள்ளி பொறுக்குவதற்குக்கூடத் தயங்குவதால்தான் அந்தக் காடு நிற்கிறது.

கடைசியாக வீசிங். பளிச்சென்று நிறம் காட்டும் பூக்கள் வண்டையும் பறவையையும் நம்பியிருப்பவை. அவற்றின் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் அதிகம் பறக்காது. ஒவ்வாமைக்குப் பேர்போனவை கண்ணுக்கே படாத பூ உள்ளவை: சீமைக்கருவேலம், சவுக்கு, புல் வகைகள். அதனால் மகளைக் கொன்றைக்கடியில் நிறுத்தப் பயப்பட வேண்டாம், மூக்கைப் பூவுக்குள் நுழைக்காமல் இருந்தால் போதும். சவுக்குத்தோப்பில் பாய்விரித்துச் சாப்பிடுவதை இந்தத் தடவை தவிர்க்கலாம். சாலைப் புழுதிக்குக் கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். இன்ஹேலரைக் கைப்பையில் வையுங்கள், டிக்கியில் போடாதீர்கள். நிறுத்திவைத்த காரின் சூடு அதற்கு ஆகாது. முன்பு பூக்காலத்தில் இழுப்பு வந்திருந்தால், கிளம்புவதற்கு முந்தின வாரமே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.