மாஹே ஏன் புதுச்சேரியில் இருக்கிறது?

வணக்கம். மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்த நாட்டில், மலையாளம் பேசும் மாஹேயும் தெலுங்கு பேசும் ஏனாமும் புதுச்சேரியின் ஆட்சியில் நீடிப்பது பொருளற்றதாகப் படுகிறது. அந்தந்த மாநிலங்களோடு சேர்த்துவிட்டால் நிர்வாகம் எளிதாகிவிடாதா?
– ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

வரைபடத்தைப் பார்க்கும் எவருக்கும் எழும் கேள்விதான். ஏனாம் காக்கிநாடாவுக்கு அருகில் கோதாவரிக் கரையில் இருக்கிறது. மாஹேயோ தலச்சேரியை ஒட்டிச் சுமார் 9 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. புதுச்சேரி மாவட்டமேகூட ஒரே துண்டாக இல்லை. உள்ளூர் அரசர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் சிறிது சிறிதாகப் பெற்ற ஊர்கள் என்பதால், அதன் பகுதிகள் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன.

ஆனால் இந்த எல்லைகளை யாரோ திருத்த மறந்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இப்பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. அதன்பின் 1956-இல் கையெழுத்தாகி 1962-இல் நடைமுறைக்கு வந்த, பிரான்சுடனான ஒப்பந்தத்தில், இப்பகுதிகளுக்கு அதுவரை இருந்த தனி நிர்வாகத் தகுதி தொடரும் என்றும், அதில் அரசியலமைப்பு சார்ந்த மாற்றம் எதையும் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்றும் இந்தியா ஒப்புக்கொண்டது. வங்கத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூரின் கதை வேறு: அது 1949-லேயே தனியாக வாக்களித்துப் பிரிந்து, 1954-இல் மேற்கு வங்கத்தோடு சேர்ந்துவிட்டதால், இந்த ஒப்பந்தத்துக்குள் வரவில்லை.

1979-இல் மொரார்ஜி தேசாய் அரசு இப்பகுதிகளை அண்டை மாநிலங்களோடு இணைக்கும் பேச்சை எடுத்தபோது புதுச்சேரியில் கடும் போராட்டம் வெடித்து, அந்த யோசனை கைவிடப்பட்டது. (குறைந்த மதுவரிக்கும் இந்தத் தனித்தன்மைப் பற்றில் ஒரு சிறு பங்கு உண்டு என்று குறும்பாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.)

மொழியைப் பொறுத்தவரை, மாஹேயில் மலையாளத்தையும் ஏனாமில் தெலுங்கையும் அலுவல்களில் பயன்படுத்த 1965-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. தொலைவு உண்மையான சிக்கல்தான் என்றாலும், ஏனாமுக்கும் மாஹேக்கும் தனித்தனி மண்டல நிர்வாகிகள் இருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய குறையாகத் தெரிவது, 30 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் சட்டப்பேரவை இருந்தும், அதன் அமைச்சரவை முக்கிய முடிவுகளுக்குத் துணைநிலை ஆளுநரையும் மத்திய அரசையும் எதிர்பார்த்து நிற்பதுதான். மாஹேயைக் கேரளத்தோடு சேர்ப்பதால் அது தீராது. எல்லைகளை மாற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு; ஆனால் மாஹே மக்களைக் கேட்காமல் அதைச் செய்வது, அவர்களுக்கு எழுதிக் கொடுத்த வாக்கை மீறுவதாகும்.